ஒரே மீனில் இரண்டு முள்

செவ்வாய்க்கிழமை நிவால்டோவுக்கு ஃபெர்ரி வேலையில் ஓய்வு நாள். அர்லிந்தோவின் ரொட்டிக்கடைக்கும் அன்றுதான் விடுமுறை. சாவோ பாவ்லோவுக்குத் தெற்கே, கடலோரக் கனனேயா ஊரில் வேறு எந்தக் கடையும் செவ்வாயன்று அடைத்துக் கிடப்பதில்லை. நண்பனுக்கு என்றைக்கு ஓய்வோ அன்றைக்கே தன் அடுப்புக்கும் ஓய்வு என்று அர்லிந்தோ மட்டும் கதவில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தான். ஊர்க்காரர்கள் செவ்வாய் காலையில் முந்தின நாள் ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றபடி இரண்டு பேரையும் வைதார்கள். வைததோடு சரி. பதினான்கு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அந்தப் பதினான்கு வருஷத்தைத்தான் நிவால்டோ பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்வான். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தது, ஃபெர்ரியின் சுக்கான் முதன்முதலாகக் கைக்கு வந்தது எதுவும் மறந்துபோகவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மனசு தானாகப் போய் நிற்பது, பனி இன்னும் விலகாத தண்ணீரில், முதுகுக்குப் பின்னால் அர்லிந்தோ ஓயாமல் பேசிக்கொண்டு வந்த அந்த ஒடுங்கிய படகில்தான்.

படகு அர்லிந்தோவுடையது. ஒரே மரத்தில் குடைந்தது, அவன் அப்பா காலத்தது. இன்ஜின் நிவால்டோவுடையது. நிவால்டோ முன்னால் நிற்பான், அர்லிந்தோ பின்னால் உட்கார்ந்திருப்பான். யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை அது. பொய்மீனை எறிகிறவனுக்குக் கையை வீச இடம் வேண்டும். உயிர் இறாலைக் கோத்துப் போடுகிறவனுக்கு வாளி பக்கத்தில் இருந்தால் போதும்.

அர்லிந்தோ கடைக்கு மாவு வாங்கும்போதுகூட அவ்வளவு பார்க்கமாட்டான், இறால் விஷயத்தில் அப்படி ஒரு கண்டிப்பு. விடியுமுன் ஓடைவாயில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வீச்சுவலை போடுவான். விழுந்ததில் விரல் நீளம் இல்லாததையெல்லாம் திருப்பி விட்டுவிடுவான். வாளித் தண்ணீரை அரைமணிக்கு ஒரு தடவை மாற்றுவான். வெயில் ஏறினால் தன் தொப்பியைக் கழற்றி வாளியை மூடுவான்; வழுக்கைத்தலை வெந்தால் வேகட்டும், இறால் சாகக்கூடாது.

நிவால்டோவின் கதை வேறு. சதுப்பில் வளரும் காஷேட்டா மரம் தக்கையைப் போல லேசானது. அதில் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரல் கனத்துக்கு மீனாகச் செதுக்கி, மணல்தாளால் தேய்த்து, மனைவி டால்வாவின் நகப்பாலிஷை எடுத்துத் தலைக்குச் சிவப்புப் பூசுவான். வயிற்றில் ஒரு மும்முள், வாலில் ஒரு மும்முள். அதைக் கண்டல் வேர்களின் ஓரமாக எறிந்து, தூண்டில் கழியின் நுனியை இரண்டு தடவை சுண்டி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி சுண்டும்போது அந்தக் கட்டை அடிபட்ட குஞ்சுமீனைப் போலத் தள்ளாடும். அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் ரோபாலோ வந்து அடிக்கும். கொடுவாய்க்குத் தம்பி மாதிரி இருக்கும் மீன் அது. வெள்ளி உடம்பு, செவுளிலிருந்து வால் வரை மை தடவிய நூலால் அடித்தது போல ஒரு கறுப்புக் கோடு. அடித்தால் தோள்பட்டை வரை தெரியும்.

ஆனால் எப்போதாவதுதான் அடித்தது. அர்லிந்தோவின் மிதவை நாலு தடவை முழுகினால் நிவால்டோவின் கட்டைக்கு ஒரு அடி விழுந்தாலே பெரிசு.

"உசுரோட துடிக்கிறதைக் குடுத்தாலே சில நேரம் மூஞ்சியைத் திருப்பிக்குது. உன் விறகைத் தின்னவா வரும்?" என்பான் அர்லிந்தோ பின்னாலிருந்து.

"நீ மீனுக்குச் சோறு போடுற, நான் மீனை ஏமாத்துறேன். இந்த ரெண்டுல எதுக்குய்யா மூளை வேணும்?"

"ஏமாத்துறது பெரிய மூளைன்னா நம்ம ஊரு மேயரு பெரிய விஞ்ஞானி."

"சிரிச்சுப் படகைக் கவுத்துடாத."

"கவுந்தா உனக்கென்ன, உன் மீனெல்லாம் மிதக்கும். என் இறால்தான் போயிடும்."

நிவால்டோவின் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் அர்லிந்தோ. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் அது கூடப் பிறந்தவனைவிட நெருங்கிய உறவு. பத்து மணிக்குத் துணிப்பையை அவிழ்த்தால் அர்லிந்தோவின் பங்கு ரொட்டி, நிவால்டோவின் பங்கு வறுத்த மீனும் மரவள்ளி மாவும். காப்பியை ஒரே மூடியில் மாறி மாறிக் குடிப்பார்கள். அந்த நேரத்தில்கூட அர்லிந்தோவின் ஒரு கண் மிதவையில்தான் இருக்கும்.

1984ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்த நேரத்தில், ஊர் மீன்பிடிச் சங்கம் முதன்முதலாக ஒரு போட்டி வைத்தது. நாற்பது படகுகள் பெயர் கொடுத்திருந்தன. அதிக எடையுள்ள ஒரு ரோபாலோவுக்கு வெள்ளிக் கப்பு. விதி ஒன்றே ஒன்று கறாரானது: முள் மீனின் வாயில் ஏறியிருக்க வேண்டும். உடம்பில் கொக்கி இழுத்துவந்த மீன் சேராது.

பெயர் எழுதப் போன அன்றைக்கே மதுக்கடையில் நிவால்டோவை ஒரு பிடி பிடித்துவிட்டார்கள். "கட்டைக்காரரும் வர்றாரா? அடுப்பெரிக்க விறகு வேணும்தானே" என்றான் ஒருவன். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அர்லிந்தோவும் சிரித்தான். அவன் சிரித்தது எப்போதும் சிரிக்கும் சிரிப்புதான். ஆனால் படகில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கேட்ட சிரிப்பு வேறு, முப்பது பேர் நடுவில் கேட்ட சிரிப்பு வேறாக இருந்தது. நிவால்டோ கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

போட்டி நாளில் காலை முழுக்க ஒன்றும் பெரிதாக விழவில்லை. அர்லிந்தோ இரண்டு சின்ன மீன்களைப் பிடித்துத் திரும்ப விட்டான். வற்றம் தொடங்கிய சமயம், பழைய ஐஸ் தொழிற்சாலைக்குக் கீழே, தண்ணீரில் பாதி மக்கி நின்ற மரத்தூண்களுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். தூண்களின் நிழலில் தண்ணீர் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது. அர்லிந்தோ வாளியில் கையை விட்டுத் துழாவி, கண்ணாடி போல உடம்பு தெரிந்த ஒரு பெரிய இறாலை எடுத்துக் கோத்து ஓட்டத்தோடு விட்டான். நிவால்டோ சிவப்புத் தலைக் கட்டையைத் தூண்களுக்கு நடுவே எறிந்தான்.

அர்லிந்தோவின் மிதவை சாய்ந்தது. சாய்ந்தபடியே படகின் முன்பக்கமாக ஓடி, சட்டென்று காணாமல் போனது.

"மாட்டிச்சு!" என்று கத்தினான் அர்லிந்தோ.

அதே விநாடியில் நிவால்டோவின் கழி கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. "எனக்கும்டா! எனக்கும் மாட்டிச்சு!"

இரண்டு கழிகளும் வளைந்தன. இரண்டு ரீல்களும் கிரீச்சிட்டன. ஒரே நேரத்தில் இரண்டு பெரிய மீன்கள் என்றால் அந்தச் சின்னப் படகில் என்ன செய்வது என்று நிவால்டோ திகைத்துக்கொண்டிருக்கும்போதே, பத்து மார் தூரத்தில் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு ரோபாலோ எழும்பித் தலையை உதறியது. அத்தனை பெரிய மீனை இருவரும் அதற்கு முன் கண்டதில்லை. அதன் தலையிலிருந்து இரண்டு தூண்டில் நரம்புகள் படகை நோக்கி வந்தன.

"ஒரே மீனு!" என்றான் அர்லிந்தோ. "கொம்பாத்ரே, ரெண்டும் ஒரே மீனு!"

அடுத்த இருபது நிமிஷம் அவர்கள் இருவரும் ஒரே ஆளாகத்தான் இருந்தார்கள். ஒருவன் இழுத்தால் மற்றவன் விட்டுக்கொடுத்தான். மீன் தூணைச் சுற்றப் போனபோது அர்லிந்தோ நங்கூரக் கயிற்றைக் காலாலேயே அவிழ்த்துவிட்டான். படகு மீனோடு போனது. இருவரும் கத்தினார்கள், சிரித்தார்கள், மாதாவைக் கூப்பிட்டார்கள், மாதா காதால் கேட்கக்கூடாததையும் சொன்னார்கள். அந்த இருபது நிமிஷத்தைப் போல ஒன்று நிவால்டோவின் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மீன் களைத்துப் படகின் முன்பக்கம் வந்து ஒருச்சாய்ந்தது. நிவால்டோ மண்டியிட்டுக் கைவலையை நீட்டி அதைத் தூக்கிப் படகுக்குள் போட்டான். அப்போதுதான் பார்த்தான். அர்லிந்தோவின் சின்ன முள் மேலுதட்டு ஓரத்தில் அழகாக ஏறியிருந்தது. தன்னுடைய கட்டையின் மும்முள்ளோ வாயில் இல்லை. செவுள் மூடிக்குப் பின்னால், வெளித்தோலில் கொக்கியிருந்தது. மீன் இறாலைத்தான் தின்றிருக்கிறது. மாட்டிக்கொண்டு ஓடும் வழியில் கட்டை போய் உரசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

அர்லிந்தோ பின்னால் இருந்தான். நடுவில் நிவால்டோவின் முதுகு இருந்தது.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பின்னால் அவன் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறான். பதினான்கு வருஷக் கேலியா, மதுக்கடைச் சிரிப்பா, வெள்ளிக் கப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. மனசு யோசிக்குமுன் கை செய்துவிட்டது. மும்முள்ளைத் தோலிலிருந்து பிய்த்து மீனின் கீழுதட்டில் அழுத்திவிட்டான். ரோபாலோவின் செவுள் விளிம்பு சவரக்கத்தி மாதிரி. அவசரத்தில் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. ரத்தம் படகின் அடித்தண்ணீரில் சொட்டியது.

"பாரு," என்றான் திரும்பாமலே. "ரெண்டு முள்ளும் வாயிலதான் இருக்கு."

"அப்படியா" என்றது பின்னாலிருந்து அர்லிந்தோவின் குரல்.

கரைக்குப் போகும் வழி முழுக்க அவன் பேசவில்லை. களைப்பு என்று நிவால்டோ நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ள விரும்பினான் என்பதுதான் சரி.

துறையில் கூட்டம் நெரிந்தது. தராசில் பதினொரு கிலோ நானூறு காட்டியது. பக்கத்தில் வர வேறு மீனே இல்லை. ஆனால் யாருடைய மீன்? தபால் ஆபீசில் வேலை பார்த்த ஜெனேசியோதான் நடுவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீனின் வாயைப் பிளந்து பார்த்தார். கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டும் வாயிலதான் ஏறியிருக்கு. எது முதல்ல ஏறிச்சுன்னு மீனைத்தான் கேக்கணும், அது செத்துப்போச்சு. நீங்களே சொல்லுங்கய்யா."

"ஒரே நேரத்துல" என்றான் நிவால்டோ.

ஜெனேசியோ அர்லிந்தோவின் பக்கம் திரும்பினார். அர்லிந்தோ நடுவரைப் பார்க்கவில்லை. நிவால்டோவையே பார்த்தான், ஒரு ரொட்டி வேகும் நேரம் போல நிவால்டோவுக்குத் தோன்றிய அளவுக்கு. பிறகு, "அவன் சொல்றதையே எழுதிக்குங்க" என்றான்.

"இறாலுக்கு மீன் விழுறது தினமும் நடக்குறது. கட்டைக்கு இத்தனை பெரிய மீன் விழுறது அதிசயம். அதிசயத்துக்குத்தான் கப்பு" என்று தீர்ப்புச் சொன்னார் ஜெனேசியோ. கூட்டம் ஆர்ப்பரித்தது. 'கட்டைக்காரர்' என்று கேலி செய்தவனே வந்து நிவால்டோவைத் தோளில் தூக்கிக்கொண்டான். மேலே இருந்தபடி நிவால்டோ தேடிப் பார்த்தான். அர்லிந்தோ வாளியில் மிச்சமிருந்த இறால்களைத் துறையின் ஓரத்தில் குனிந்து தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடை திறந்திருந்தது. கதவில் தொங்கிய அட்டையைக் காணவில்லை.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் யாராவது சமாதானம் பேசியிருப்பார்கள். நிவால்டோ கடைக்குள் நுழைந்தால் அர்லிந்தோ அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விடுவான். அவன் மனைவி சுல்மீரா வந்து ரொட்டியைக் கட்டிக் கொடுப்பாள். ஞானமகளின் பிறந்த நாளுக்குத் தவறாமல் கேக் வந்தது, சுட்டு அனுப்பியவன் மட்டும் வரவில்லை. படகில்லாத இன்ஜின் ஒன்று நிவால்டோவின் கொட்டகையில் தொங்கியது. இன்ஜின் இல்லாத படகு ஒன்று ரொட்டிக்கடைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது. 'அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு படகு' என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். நாளாக நாளாகச் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள்.

நிவால்டோ கரையிலிருந்தே பொய்மீனை எறிந்து பழகினான். பதினைந்தாவது வருஷத்திலிருந்து கேலி செய்ய ஆளில்லை. நல்ல மீன்கள் விழுந்தன. முன்னைவிட நன்றாகவே எறியக் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு மீனையும் தூக்கியதும், திரும்பிப் பின்னால் பார்க்கும் பழக்கம் மட்டும் கழுத்தைவிட்டுப் போகவே இல்லை.

"போய்ப் பேசுங்களேன், ஒரு வார்த்தை" என்பாள் டால்வா.

"என்னன்னு பேசுறது?" என்பான். அவளுக்கும் அவன் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம் போயிற்று. இனி அவன் இவன் என்று சொல்வது முறையில்லை. நிவால்டோ வேலையிலிருந்து ஓய்வு பெற்று அறுபத்தொரு வயதுக் கிழவர் ஆகியிருந்தார். அர்லிந்தோவுக்கு முந்தின குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து, பிழைத்து எழுந்திருந்தார். கடையை மருமகன் பார்த்துக்கொண்டான்.

ஒரு நாள் காலை, மீன்துறையின் மரப்பாலத்துக்கு நிவால்டோ தன் பெட்டியோடு போனபோது, பாலத்தின் கடைசியில் அர்லிந்தோ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வழக்கமாக அவரைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுவார். அன்றைக்குக் கால் நின்றுவிட்டது. காரணம், அர்லிந்தோ செய்துகொண்டிருந்த காரியம்.

காலுக்கு நடுவே வாளி. இடது கையால் ஒரு இறாலை எடுத்து, நடுங்கிக்கொண்டிருந்த வலது கைக்கு மாற்றி, முள்ளை அதன் தலைக்குக் கொண்டுபோவார். கை ஒரு பக்கம் ஆடும், முள் ஒரு பக்கம் ஆடும். இறால் துள்ளிப் பலகை மேல் விழும், அங்கிருந்து இன்னொரு துள்ளில் கடலுக்குப் போய்விடும். மறுபடி வாளிக்குள் கை. ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவது இறால் முள்ளில் ஏறியது. ஆனால் முள் தலையிலிருந்த கறுப்புப் புள்ளியைத் துளைத்துவிட்டது. அங்கே பட்டால் இறால் அந்த நிமிஷமே செத்துவிடும். அர்லிந்தோ செத்த இறாலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். அவர் ஒரு நாளும் செத்த இறாலைப் போட்டு மீன் பிடித்தவர் இல்லை.

நிவால்டோ பெட்டியைக் கீழே வைத்தார். நடந்து போய் வாளிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சடசடத்தன. வாளிக்குள் கையை விட்டார். அந்த வழுவழுப்பையும் குத்தும் கொம்பையும் அவர் வாழ்நாளெல்லாம் அருவருத்து ஒதுக்கியவர். ஒரு இறாலைப் பிடித்து, கொம்புக்கு அடியில், கறுப்புப் புள்ளிக்கு முன்னால், முள்ளைக் குறுக்கே செருகினார். பதினான்கு வருஷம் ஒரே படகில் இருந்து பார்த்தது, செய்து பார்க்கவில்லையே தவிர கைக்குத் தெரிந்திருந்தது. இறால் உயிரோடு காலை உதைத்தது.

அர்லிந்தோ வாயைத் திறந்தார். பக்கவாதம் அவர் பேச்சைக் கொஞ்சம் குழறலாக்கியிருந்தது.

"ரொம்ப ஓரமா குத்தியிருக்க. வீசினா கழண்டுடும்."

"மெதுவா வீசு."

"எனக்கு வீசச் சொல்லித் தர்றியா?"

இடது கையால் வீசினார். மிதவை பக்கத்திலேயே விழுந்தது. ஓட்டம் அதை எடுத்துக்கொண்டு போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிவால்டோ எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"கொம்பாத்ரே," என்றார். "அந்த மீனு உன்னோடது. என் முள்ளு செவுள்ல, வெளியில மாட்டியிருந்திச்சு. நான்தான் எடுத்து வாயில வச்சேன்."

"தெரியும்."

"பாத்துட்டியா?"

"எங்க பாக்கிறது? நீதான் மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே. உன் முதுகைப் பார்த்தேன். பதினாலு வருஷமா வேற என்னத்தைப் பார்த்துக்கிட்டு வந்தேன் நான்? அந்த முதுகு எப்ப மீனைப் பார்க்குது, எப்ப தூங்குது, எப்ப டால்வாகூடச் சண்டை போட்டுட்டு வந்திருக்குதுன்னு எல்லாம் எனக்குத் தெரியும். பொய் சொன்னா தெரியாதா?"

"அப்புறம் ஏன்யா துறையில சொல்லல? ஜெனேசியோ உன்னைத்தானே கேட்டாரு!"

அர்லிந்தோ மிதவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கப்பு உனக்கு வேணும்னா வாங்கிக்கோன்னுதான் இருந்தேன். சத்தியமா. எனக்கு எதுக்கு அது, மாவு அளக்கவா? படகுல கரைக்கு வர்ற வரைக்கும் நீயே சொல்லிடுவன்னு காத்துக்கிட்டு இருந்தேன். 'கொம்பாத்ரே, ஒரு திருட்டுத்தனம் பண்ணிட்டேன்'னு சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா சேர்ந்து ஊரையே ஏமாத்தியிருக்கலாம். எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! நீ என்னடான்னா என்னையும் சேர்த்து ஊரு ஆளாக்கிட்டே."

நிவால்டோ முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. மறைத்தும் பயனில்லை, பின்னால் இருப்பவருக்கு அந்த முதுகு தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அர்லிந்தோ சொன்னார்:

"அழுது முடிச்சாச்சுன்னா இன்னொரு இறாலைக் கோத்துக் குடு. இது கழண்டு போச்சு. நான்தான் சொன்னேன்ல?"

மறுநாள் நிவால்டோ கப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு சங்கத்துக்குப் போனார். ஜெனேசியோ இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அங்கே இருந்த செயலாளர் அப்போது பிறந்துகூட இருக்கமாட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எண்பத்தி நாலா? அந்த வருஷத்து நோட்டெல்லாம் கரையான் தின்னுடுச்சுங்க" என்றான். கப்பை என்ன செய்வது என்று கேட்டதற்கு, பூ வைக்கலாமே என்றான்.

அதோடு விட அவருக்கு மனம் வரவில்லை. நேரே ரொட்டிக்கடைக்குப் போனார். காலை வரிசை வாசல் வரை நின்றது. எல்லாருக்கும் கேட்கும்படி, ஃபெர்ரியில் கார்க்காரர்களை அதட்டும் குரலில் சொன்னார்: "எண்பத்தி நாலுல நான் கப்பு வாங்கின மீனு அர்லிந்தோ பிடிச்சது. அவரு இறாலைத் தின்ன மீனு. நான் முள்ளை மாத்தி வச்சு ஏமாத்தினேன். எல்லாரும் தெரிஞ்சுக்குங்க."

டால்வா அவருக்குப் பின்னால்தான் பையோடு நின்றிருந்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி. வரிசையில் முன்னால் நின்ற ஒரு கிழவி திரும்பிப் பார்த்து, "சரிப்பா, கேட்டுக்கிட்டோம். அதுக்காக வரிசையை உடைச்சு முன்னால வந்துடாத" என்றாள். உள்ளே, அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து, அர்லிந்தோ இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. சுல்மீரா எட்டிப் பார்த்தாள். அவர் இருமவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமைகளில் மரப்பாலத்தின் கடைசியில் இரண்டு ஸ்டூல். நிவால்டோ இறால் கோத்துக் கொடுப்பார், அர்லிந்தோ குறை சொல்வார். நடுவில் நிவால்டோ எழுந்து தன் கட்டையை எறிவார், அதற்கும் அர்லிந்தோ குறை சொல்வார். படகை எடுக்கலாமா என்று ஒரு தடவை பேச்சு வந்தது. புரட்டிப் பார்த்தால் அடி முழுக்க உளுத்திருந்தது. "இந்தக் காலோட படகுல ஏறினா நான்தான் தூண்டில் இரை" என்று அர்லிந்தோ சொல்லிவிட்டார். ஒரு தடவை நாலு கிலோ மீன் ஒன்று விழுந்தபோது, ரீலைச் சுற்ற முடியாமல் அவர் கழியை நீட்டினார். நிவால்டோ வாங்கவில்லை. "உன் மீனு, நீயே இழு" என்றார். அரைமணி நேரம் ஆனது. அர்லிந்தோ வியர்த்து, வைது, கடைசியில் வென்றார்.

அந்த நான்கு வருஷத்தில் அவர்கள் பழைய கதைகளைத்தான் அதிகம் பேசினார்கள். எந்த ஓடையில் எந்தத் தண்ணீரில் என்ன விழுந்தது, எந்த மழையில் நனைந்தது என்று. ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருந்தார். இழந்த இருபத்திரண்டு வருஷத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. பேசுவதற்கு அதில் ஒன்றும் நடந்திருக்கவில்லை.

அர்லிந்தோ 2010ஆம் வருஷம் மே மாதம் தூக்கத்தில் போனார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை இல்லை, வியாழன். ஆனாலும் கடைக்கதவை அடைத்தார்கள். ஊர் முழுக்கப் பழைய ரொட்டி தின்றது.

நிவால்டோ இன்னும் பாலத்துக்குப் போய்வருகிறார். போன மாதம் சாவோ பாவ்லோவிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தான். புதுக் கழி, புது ரீல், பெட்டி நிறையக் கண்ணைப் பறிக்கும் பிளாஸ்டிக் மீன்கள். நிவால்டோ தன் மரமீனை எறிந்து சுண்டுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் வந்து மரியாதையாகக் கேட்டான்.

"ஐயா, இந்தத் தண்ணிக்கு எது நல்லது? பொய்மீனா, உசுரு இறாலா?"

"உசுரு இறால்தான் தம்பி. சந்தேகமே வேணாம்."

"அப்ப நீங்க ஏன் இதை எறியறீங்க?"

நிவால்டோ நரம்பைச் சுற்றி முடித்து, கட்டையில் ஒட்டியிருந்த பாசியை விரலால் வழித்துப் போட்டார்.

"எனக்கு இறாலைத் தொடவே பிடிக்காது" என்று சொல்லிவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, மறுபடி எறிந்தார்.